16 ஆண்டுக் கணக்கு வேலைக்குக் கல்லூரியில் எவ்வளவு வரவு வைப்பார்கள்?

கேள்வி இது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 16 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார் ஒரு சகோதரி. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்துத் தேறியவர். அதற்கு மேல் வீட்டில் படிக்க வைக்கவில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவது, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராக, அதாவது பிறருடைய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்யப் பதிவு பெற்றவராக, தனியாகத் தொழில் செய்ய விரும்புகிறார். அதற்குப் பட்டம் கேட்கிறார்கள். இத்தனை ஆண்டு அனுபவத்தைக் கல்லூரியில் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்களா, படிப்புக் காலம் குறையுமா என்பது அவருடைய முதல் கேள்வி. ‘அனுபவக் கடிதம் கொடுத்தால் ஒரே ஆண்டில் பி.காம்.’ என்று சொல்லும் ஒரு நிலையத்தில் பணம் கட்டலாமா என்பது இரண்டாவது. கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டும் கணவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு வழி உண்டா என்பது மூன்றாவது.

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். தொலைநிலையில் படித்தாலும் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக மூன்று ஆண்டு. ஒரே ஆண்டில் கையில் ஒரு பட்டம் வருகிறதென்றால், ஒன்று அது முன்தேதி போட்டது, இல்லையேல் முழுப் போலி. மதுரையில் ஒரு திறந்தநிலைக் கல்வி மையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர் ஆலோசகராக இருந்தேன். ஒருவர் ஐந்து ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து இப்படி மூன்று மதிப்பெண் பட்டியல்கள் வாங்கி வந்தார். அவர் எழுதாத தேர்வுகளின் மாதமும் ஆண்டும் அவற்றில் அழகாக அச்சாகியிருந்தன. சேர்ந்த இடத்தில் சான்றிதழைச் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள். அந்தப் பதிவு எண்ணே பல்கலைக்கழகத்தில் இல்லை. வேலை போயிற்று. ஏமாற்றியவர்கள் மேல் புகார் கொடுக்கவும் அவர் அஞ்சினார், சான்றிதழை நீட்டியது தன் கைதானே என்று. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. உலகத்தில் பல இடங்களில் இதற்குப் பதில் ‘ஆம்’. ஆங்காங்கே நிபந்தனைகள் மாறும், அவ்வளவுதான். இந்தியாவிலும் ஏட்டளவில் ‘ஆம்’ என்று எழுதப்பட்டுவிட்டது. மதுரையில் நாளைக் காலை நீங்கள் போய்ச் சேரக்கூடிய பி.காம். படிப்பில் பதில் பெரும்பாலும் ‘இல்லை’. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் உங்கள் நேரமும் பணமும் வீணாகாது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிரெடிட் என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. கொள்முதலில் கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். அதை எடுப்பது உங்கள் அன்றாட வேலை. கடையில் வத்தல் மூட்டை இறங்கியது உண்மை. பணம் கொடுத்தது உண்மை. அந்தப் பணத்துக்குள் வரியும் அடங்கியிருந்தது. ஆனாலும் விற்றவர் தம்முடைய விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் அந்த பில்லை ஏற்றவில்லை என்றால், 14ஆம் தேதி உங்களுக்குக் கிடைக்கும் வரவைக் காட்டும், நீங்கள் திறந்து பார்க்கும் 2பி அறிக்கையில் அது இருக்காது. அங்கே இல்லாததற்கு நீங்கள் வரவு எடுக்க முடியாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வரி அலுவலகத்தில் காட்டினாலும் ஒன்றும் நடக்காது. வகுப்புக்கு வெளியே கற்றதை மதிப்பிட்டு ஏற்பதற்குக் கல்வித் துறையில் முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். அதுவும் இதே கணக்குதான். கற்றது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கு பில் வேண்டும். அந்த பில்லை மறு தரப்பு தன் ஏட்டில் ஏற்றவும் வேண்டும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. வேலை பார்த்த ஆண்டுகளுக்கு எந்த நல்ல பல்கலைக்கழகமும் கிரெடிட் தராது. அந்த ஆண்டுகளில் கற்றதற்குத்தான் தரும். அமெரிக்காவில் 1970களிலிருந்து இந்தத் துறையில் உழைத்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட விதி இது. அது சரியான விதி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரே வேலையை 16 ஆண்டு திரும்பத் திரும்பச் செய்தவர் உண்டு. 16 ஆண்டில் பத்து வேலை கற்றவரும் உண்டு. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது வாட் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று அது போய் ஜி.எஸ்.டி. வந்தது. கீழமாசி வீதியில் பாதிக் கடைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், எந்தச் சரக்குக்கு எந்த ஹெச்.எஸ்.என். குறியீடு, வெளிமாநிலக் கொள்முதலுக்கு ஐ.ஜி.எஸ்.டி. எப்படிப் பிரியும், திருப்பி வந்த சரக்குக்கு எந்தக் குறிப்பு போடுவது என்று நீங்கள்தானே கற்றுக்கொண்டீர்கள்? யார் வகுப்பு எடுத்தார்கள்? அதுதான் கற்றல். கிரெடிட் கேட்கத் தகுதியானது அதுதான். ‘16 ஆண்டு’ என்ற எண் அதற்கு முகவரி மட்டுமே.

ஏட்டில் உள்ளதைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 2021இல் கிரெடிட் வங்கி ஒன்றை யு.ஜி.சி. ஏற்படுத்தியது. மாணவர் பெயரில் கணக்கு. எங்கே படித்தாலும் கிரெடிட் அதில் சேரும். அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். 2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வந்தது. அதன்படி ஓராண்டுக் கல்வி 1,200 மணி நேரம், 40 கிரெடிட். ஆக 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120. பள்ளிப் படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கலாம் என்று இந்தக் கட்டமைப்பு ஒப்புக்கொள்கிறது. அனுபவத்துக்கு எடையும் கொடுத்திருக்கிறார்கள்: ஓராண்டுக்கு மேல் நான்கு ஆண்டு வரை 1.33 மடங்கு, நான்குக்கு மேல் ஏழு வரை 1.67 மடங்கு, ஏழு ஆண்டுக்கு மேல் 2 மடங்கு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓராண்டுக்கு 40 என்றால் 16 ஆண்டுக்கு 640 கிரெடிட், பட்டத்துக்கு வேண்டியது 120தானே என்று உங்களிடம் யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த மடங்கு ஆண்டுகளைப் பெருக்குவதற்கானது அல்ல. கற்ற ஒன்றைத் தேர்வாகவோ செய்முறையாகவோ மதிப்பிட்டு, அதற்கு நான்கு கிரெடிட் என்று முடிவான பிறகு, அந்த நான்கைத்தான் பெருக்கும். மதிப்பீடு இல்லையென்றால் பெருக்குவதற்கு எண்ணே கிடையாது. மதிப்பிட்ட பிறகும் அதைத் தன் படிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்.

தமிழ்நாட்டு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அதற்கு அரசு சொல்லும் காரணங்கள் வேறு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நம் ஊர்க் கல்லூரிகளில் கடை அனுபவத்தை மதிப்பிட்டுக் கிரெடிட் தரும் மேசை எதுவும் வழக்கத்தில் இல்லை என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சிக்கந்தர் சாவடியில் மண்டல மையம் வைத்திருக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி, இவற்றில் எங்கே பி.காம். சேர்ந்தாலும் மூன்று ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘மூன்று ஆண்டு’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது எது? ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் பதிவு. மத்திய ஜி.எஸ்.டி. விதிகள் 2017இல் 83ஆவது விதி அதற்கான தகுதியைச் சொல்கிறது: வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் பட்டம். பதிவைத் தக்கவைக்க, மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் தேர்வு வைத்தால் அதில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். அந்தத் தேர்வில் கேட்பதில் பெரும்பகுதி நீங்கள் தினமும் செய்யும் வேலை. பட்டம் வாங்கி வருகிறவர் அதற்காகப் புதிதாகப் படிக்க வேண்டும். உங்களுக்கு அது கைப்பழக்கம். உங்கள் அனுபவம் வாசலில் செல்லாமல் போனாலும் உள்ளே போன பிறகு செல்லும்.

பி.காம். பாடங்களிலும் அப்படித்தான். நிதிக் கணக்கியலில் நாள்வழி, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டல் பட்டியல் வரை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவீர்கள். மறைமுக வரிப் பாடத்துக்குத் தனியாக உட்கார வேண்டியிருக்காது. கடை உங்களுக்குச் சொல்லித் தராதவையும் உண்டு: கம்பெனிச் சட்டம், அடக்கவிலைக் கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், கூட்டாண்மை கலையும்போது கணக்கு முடிப்பது. அவற்றை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். ஒரு நேர்மையான மதிப்பீட்டாளர் உங்களைச் சோதித்தால், 120இல் 20, 25 கிரெடிட் தயங்காமல் தருவார் என்பது என் மதிப்பு. மீதி 95, 100 உண்மையாகவே நீங்கள் இன்னும் கற்காதவை. இதை உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை. அனுபவத்தைப் புகழ்ந்து பேசுகிற பலர் இந்த இடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் ஏமாறாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் இரண்டு காரியங்கள். பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிவின் தளத்தில் மாணவருக்கென ஒரு அடையாள எண்ணும் எடுக்க வேண்டும். கிரெடிட் வங்கிக் கணக்கையும் அப்போதே தொடங்கிவிடலாம், காசு இல்லை. பிறகு மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் உங்களுக்குத் தெரிந்த பாடமாக ஒன்றை எடுத்து அதன் இறுதித் தேர்வை எழுதுங்கள். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்ததைப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். ‘ஏற்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘ஏற்க வேண்டும்’ என்று இல்லை. அதனால் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தெரிந்ததைத் தேர்வில் காட்டிக் கிரெடிட் வாங்க இப்போதைக்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரான வழி இது.

தேர்வு என்றால் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ‘தெரியுமா, செய்து காட்டு, சான்றிதழ் தருகிறேன்’ என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதே அல்ல. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வைப் பாருங்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. எந்தக் கல்லூரியில் கற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. தாளை எண்ணிப் பார்க்கிறார்கள். அதே துறை கணக்கியலிலும் இளநிலை, முதுநிலை என்று தேர்வு நடத்துகிறது. சிம்மக்கல் பக்கத்து மாடிப்படிகளில் ஏறித் தட்டச்சுக் கற்ற எத்தனை பெண்கள் அந்த ஒரு தாளை வைத்து அரசு வேலைக்குப் போனார்கள்! அந்த நம்பிக்கையைப் பட்டப் படிப்புக்கு நீட்ட ஏன் நமக்கு இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. கணக்கியல் முதுநிலைத் தேர்வை நீங்கள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பட்டத்தில் ஒரு நாளும் குறையாது. ஆனால் வெளியார் ஒருவர் உங்களைச் சோதித்துத் தந்த முதல் தாளாக அது இருக்கும்.

தாள் என்று சொன்னேன். இதை இன்றே தொடங்க வேண்டும் என்று உங்களை வற்புறுத்துகிறேன். நாளை இங்கே மதிப்பீட்டு மேசை திறந்தாலும், வேறு எங்கே விண்ணப்பித்தாலும், உங்களிடம் ஒரு கோப்பு இருக்க வேண்டும். கீழமாசி வீதிக் கடைகளில் நியமனக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை, சம்பளம் கையில்தான். இ.எஸ்.ஐ., பி.எஃப். இருந்தால் அதுவே உங்களுக்கு வலுவான ஆதாரம். இல்லையென்றால் கடையின் ஆடிட்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள், முதலாளியிடம் ஒன்று கேளுங்கள். ‘நாணயமானவர், கடும் உழைப்பாளி’ என்று எழுதிய கடிதம் குடும்பத்துக்குப் பெருமை, மதிப்பீட்டாளருக்குப் பயனில்லை. எந்த ஆண்டிலிருந்து எந்தெந்த வேலையை உங்கள் பொறுப்பில் செய்தீர்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

உங்கள் பங்குக்கு நீங்கள் எழுத வேண்டியதும் அப்படித்தான். ‘16 ஆண்டு கணக்கு எழுதினேன்’ என்று எழுதினால் யாராலும் மதிப்பிட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாதம் 14ஆம் தேதி 2பி அறிக்கையை இறக்கி, கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒப்பிடுவேன். விடுபட்ட பில்களை மூன்றாகப் பிரிப்பேன்: விற்றவர் ஏற்றாதவை, தவறான ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றியவை, எங்கள் பதிவிலேயே தேதி மாறியவை. முதல் இரண்டுக்கும் விற்றவரிடம் பேசித் திருத்தச் சொல்வேன். மூன்றாவதை நானே திருத்துவேன். 20ஆம் தேதிக்குள் 3பி என்னும் மாத ரிட்டர்ன் தாக்கல் ஆகும்.’ படித்தவுடன் தெரிகிறதல்லவா, இவருக்கு ஒப்பிடத் தெரியும், பிழையை வகைப்படுத்தத் தெரியும், விதியின் காரணம் தெரியும் என்று? இப்படி எட்டுப் பத்துப் பத்திகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரத் தாள் சேருங்கள். வாடிக்கையாளர் பெயர், விலை, ஜி.எஸ்.டி. எண்ணையெல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். முதலாளியின் அனுமதி இல்லாமல் ஒரு தாளும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது.

இப்போது உங்கள் கணவர். உண்மையைச் சொன்னால், உங்களைவிட அவருக்குத்தான் இன்றைக்கு வழி தெளிவாக இருக்கிறது. அவருடைய தொழிலில் அனுபவத்தை மதிக்கும் கதவு ஒன்று பல ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. தெரிந்தவர்கள் குறைவு.

அதைச் சொல்லுமுன் ஒரு காட்சி. கப்பலூரிலிருந்து ஒரு லேத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புக்கு வருவார். ஒருநாள் கரும்பலகையில் ஒரு டேப்பர், அதாவது ஒரு முனை நோக்கிச் சீராகச் சிறுக்கும் உருளை, வரைந்தேன்: 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் விட்டம் 40இலிருந்து 30 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும், லேத்தில் வெட்டுளியைத் தாங்கும் மேல் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? மற்றவர்கள் சூத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அஞ்சே முக்காலுக்கு ஒரு மயிரிழை கம்மி சார்” என்றார். பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இருமடங்கால் வகுத்து, டேன் அட்டவணையில் பார்த்தால் 5.71 டிகிரி வருகிறது. அந்தச் சூத்திரத்தை எழுதச் சொன்னபோது அவருக்கு எழுத வரவில்லை. படத்தில் முக்கோணத்தைக் காட்டி, “நீங்கள் விரலைச் சாய்த்தீர்களே, அந்தச் சாய்வுதான் இந்தக் கோடு” என்றேன். ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த மூன்று கணக்கையும் அவரே போட்டார். இருபது ஆண்டு கையில் இருந்ததற்கு அன்றுதான் அவருக்குப் பெயர் கிடைத்தது. இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை விதிகளும் விண்ணப்பங்களும் தேவைப்படுகின்றன என்று நான் நம்புகிறேன்.

கதவு எது என்றால், ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வு. அதைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை விண்ணப்பம் கோரும்போது கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் விவரம் தருவார்கள். உங்கள் கணவருக்குரிய பிரிவு டர்னர். அரசு ஏட்டில் ‘கடைசலர்’ என்றிருக்கும். முதலில் முதல்நிலைத் தேர்வு, பிறகு முதன்மைத் தேர்வு. செய்முறையில் அவரை யாரும் பயமுறுத்த முடியாது. கருத்தியலும் பட்டறைக் கணக்கும் பொறியியல் வரைபடமும்தான் பழக வேண்டும். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஆறு மாதம் படித்தால் போதும் என்பேன். தேறினால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ், இரண்டு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தவர் வாங்கும் அதே பெயர். இரண்டு ஆண்டு வகுப்பை அனுபவத்தைக் கொண்டே கடப்பதென்றால் இதுதான்.

2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் முன்கற்றல் அங்கீகாரம் உண்டு. சில நாள் வழிகாட்டல், பிறகு மதிப்பீடு, சான்றிதழ். கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் விடுப்பு எடுக்க முடியும் என்றால் தொழிற்தேர்வையே எழுதச் சொல்லுங்கள். மேற்படிப்புக்குக் கைகொடுப்பது அதுதான்.

எப்படி என்றால், பத்தாம் வகுப்போடு இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். தனித்தேர்வராக வாங்கிய சான்றிதழோடு விண்ணப்பிக்கும்போது, சேரப்போகும் பாலிடெக்னிக்கில் சான்றிதழ் நகலைக் காட்டி முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2023இல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. வேலை பார்ப்பவர்களுக்கென்றே தனி வகுப்புகளை அனுமதித்தது: குறைந்தது ஓராண்டு வேலை, கல்லூரியிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் பணியிடம், வேலை நேரத்துக்கு ஏற்ற வகுப்பு நேரம். அந்த அனுமதி பெற்ற கல்லூரி மதுரையைச் சுற்றி எது இருந்தாலும் கப்பலூர் அதற்கு எட்டும் தூரம்தான். ஒரு எச்சரிக்கை: பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் படிக்க அனுமதியே கிடையாது. ‘அஞ்சல் வழியில் பி.இ.’ என்று துண்டுச் சீட்டு கொடுத்தால் வாங்கிப் படிக்கவும் வேண்டாம்.

அனுபவச் சான்றுக்கு அவர் பட்டறை உரிமையாளரிடம் இப்போதே பேசட்டும். சிறு பட்டறைகளில் பெயர்ப்பலகைகூட இருக்காது. ஆனால் உத்யம் என்னும், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு பெரும்பாலும் இருக்கும். அந்தப் பதிவு எண் அச்சான தாளில், எந்தத் தேதியிலிருந்து எந்த இயந்திரத்தில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். பட்டறை மாறியிருந்தால் பழைய முதலாளி உயிரோடும் தொழிலோடும் இருக்கும்போதே அவரிடமும் வாங்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு, பட்டறை மூடிய பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவரைப் பற்றி இன்னொரு கவலை எனக்குண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தயாரிப்புப் படிப்பு ஒன்றை முடித்து நேராகப் பட்டத்துக்குப் போகலாம் என்று யாராவது அவரிடம் சொல்வார்கள். படிக்கலாம், அறிவு கிடைக்கும், தனியார் வேலைக்குச் சில இடங்களில் உதவும். ஆனால் 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 107 இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்த திறந்தநிலைப் பட்டத்தைத்தான் தமிழ்நாட்டு அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கும். வரிசை மாறி வாங்கிய பட்டத்தோடு தேர்வாணையத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் திரும்பி வந்தவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பும் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ.யும் தேறியவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று பெற வழி உண்டு. அவர் தொழிற்தேர்வை முடித்ததும் அதை விசாரிக்கட்டும். உங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முறையாக இருக்கிறது. அந்த ஒரு சான்றிதழ் உங்களை எத்தனை சிக்கலிலிருந்து காக்கிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு பத்தி. பிரான்சில் 2002 ஜனவரி 17இல் வந்த சட்டம், வேலையில் கற்றதை ஒரு நடுவர் குழு முன் நிறுவினால் முழுப் பட்டமே பெறலாம் என்கிறது. அமெரிக்காவில் 1967இலிருந்து ஒரு பாடத்தை வகுப்பில் உட்காராமல் தேர்வெழுதியே கிரெடிட் வாங்கும் முறை இருக்கிறது. பல கல்லூரிகளில் நான் மேலே சொன்னது போன்ற கோப்பைப் பேராசிரியர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள். அங்கும் கல்லூரிக்குக் கல்லூரி ஓர் உச்சவரம்பு உண்டு. மீதியைப் படித்தே ஆக வேண்டும்.

நம்மிடம் இது நடக்காததற்குத் தரம் கெட்டுவிடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. போலி அனுபவக் கடிதம் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் ஊரில் அது நியாயமான அச்சம். ஆனால் 2022இல் யு.ஜி.சி. என்ன செய்தது? 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநரைப் பட்டம் இல்லாவிட்டாலும் ‘நடைமுறைப் பேராசிரியராக’ கல்லூரிகள் அமர்த்தலாம் என்றது. கற்பிப்பதற்குச் செல்லுபடியாகும் அனுபவம், கற்க வருகிறவருக்கு ஏன் செல்லாது? கடிதத்தை நம்ப வேண்டாம், ஆளைச் சோதியுங்கள். ஒரு கணக்கியல் ஆசிரியர், ஒரு ஆடிட்டர், ஒரு கணினி, பிழைகள் உள்ள ஒரு மாதக் கொள்முதல் பதிவு, மூன்று மணி நேரம். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று அதற்குள் விளங்கிவிடும். மதுரையில் நூறு ஆண்டு கடந்த கல்லூரியே இருக்கிறது. பெண்களை முதல் தலைமுறையாகப் படிக்க வைத்த கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்கள்தான் இந்த ஊரின் கடைக் கணக்கையும் குழுக் கணக்கையும் கூட்டுறவுக் கணக்கையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நூறு பேரை வைத்து ஒரே ஒரு கல்லூரி இந்தச் சோதனையைத் தொடங்கினால் போதும். ஆலோசகராக இருந்த காலத்தில் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டேன். இப்போதும் கேட்பேன்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். திறந்தநிலைச் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது; அடுத்து எது வருகிறதோ அதில் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறிய பெண்களுக்குச் சேர்க்கை அங்கேதான் நிற்கிறது. இந்த மாதம் 14ஆம் தேதி 2பி வந்ததும் எத்தனை பில் ஒத்துப்போகவில்லை, ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். கணவருக்கும் ஒரு கோப்பு வாங்குங்கள். முதல் தாளாக அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல், இரண்டாவதாக அவர் கடைசியாகக் கடைந்த ஒரு டேப்பரின் படம், அளவுகளோடு, அவர் கையாலேயே வரைந்தது.